தையல் அறைக்கு வந்த கம்ப்யூட்டர்

ஜூலை 8, 1985 - திங்கள்

எட்டாம் வகுப்புக்குக் காஜா, அதாவது பட்டன் ஓட்டை, எடுக்கச் சொல்லிக்கொடுத்தேன். வந்திருந்த பிள்ளைகளை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதிலும் ஒருத்தி ஊசியில் நூல் கோக்கிறேன் என்று மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் எச்.எம். சீனியம்மாள் அம்மா கூப்பிட்டனுப்பினார். "ஒக்காரு ரெங்கம்மா" என்று அவர் சொன்னதுமே விஷயம் புரிந்துவிட்டது. நல்ல சேதியை அவர் நிற்கவைத்தே சொல்லிவிடுவார்.

சேதி இதுதான். தையலுக்குப் பிள்ளைகள் குறைந்துவிட்டதால் என் இடம் உபரி. எங்கள் நிர்வாகத்துக்குக் கம்பத்தில் இன்னொரு பள்ளி இருக்கிறது, அங்கே தையல் டீச்சர் இல்லை. டிசம்பருக்குள் அங்கே போகச் சொல்லிவிடுவார்களாம்.

"ஒரே ஒரு வழி இருக்கு. அரசாங்கத்துல நம்ம ஸ்கூலுக்கு ஒரு கம்ப்யூட்டர் தர்றாங்க. ஒரு டீச்சர் டிரெயினிங் போயிட்டு வந்து வகுப்பு எடுக்கணும். அக்டோபர் கடைசியில மெட்ராஸ்லருந்து ஆபீசர் வந்து பாப்பாரு. வகுப்பு நல்லா நடந்தா மெஷின் இங்க இருக்கும், ஒன் போஸ்ட்டும் இருக்கும்."

"எனக்கு அதப்பத்தி என்னம்மா தெரியும்?"

"இங்க யாருக்குத் தெரியும்? சயின்ஸ் டீச்சருக ரெண்டு பேரும் பத்தாவது ரிசல்ட்டு போயிரும்னு கும்பிடு போட்டுட்டாக. ஒனக்காவது மெஷின் பழகுன கை."

அந்த மெஷினும் இந்த மெஷினும் ஒன்றா? தையல் மெஷினை மிதித்தவள் எல்லாம் கம்ப்யூட்டர் ஓட்டிவிடலாம் என்றால் மதுரையில் பாதிப் பேர் ஓட்டலாம். ஆனாலும், சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 9

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மெக்கானிக் வேலை முடிந்து பஸ் டிப்போவிலிருந்து வந்து கையில் கிரீஸோடு நின்றார். "கம்பத்துல திராட்சை மலிவுத்தா" என்றார். இந்த மனிதரிடம் போய்ச் சொன்னேனே.

ஜூலை 11

கோபம் ஆறவில்லை. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர். கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகிவிட்டது, பிள்ளை இல்லை. நான் கம்பத்திலும் அவர் இங்கே வண்டியூரிலும் இருந்தால் அதற்குப் பேர் குடும்பமா? அவருக்குக் குடல் புண் வேறு. ஹோட்டல் சாப்பாடு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் சாப்பிட்டால் மூன்றாம் நாள் சுருண்டு படுத்துவிடுவார். இதெல்லாம் தெரிந்தும் திராட்சையாம்.

ஜூலை 22 - திங்கள்

பயிற்சி தொடங்கிவிட்டது. ஒரு காலேஜில் நடக்கிறது. பள்ளிக்கு ஒருவராக வந்திருக்கிறோம். எல்லாரும் பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. "உங்க மேஜர் என்ன?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். "தையல்" என்றேன். மனிதர் சிரிக்கவில்லை, பாவம். ஆனால் அதற்குமேல் பேசவும் இல்லை.

பாடம் எடுப்பவர் வெள்ளைத்துரை என்கிற இளம் விரிவுரையாளர். என் தம்பி வயதுதான் இருக்கும். நாள் முழுக்க இங்கிலீஷ். அனலாக் என்றார், டிஜிட்டல் என்றார், ஹைபிரிட் என்றார். அத்தனையையும் எழுதிக்கொண்டேன். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது, முந்தானையைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 23

இன்று துணிந்து எழுந்து நின்றேன். "சார், ஒருக்கா தமிழ்ல சொல்லுங்க. நான் தையல் டீச்சர்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும், கம்பம் போகப் போவது அவர்களா?

வெள்ளைத்துரை சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். "பஸ்ஸுல வந்தீங்கள்ல டீச்சர்? டிரைவருக்கு முன்னாடி ஒரு முள்ளு ஏறி எறங்குதே, அது வேகத்தை அளக்குது. அதான் அனலாக். கண்டக்டர் எத்தனை டிக்கெட்டுன்னு எண்ணுறாருல்ல, அது டிஜிட்டல். அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தானா! அளப்பது ஒன்று, எண்ணுவது ஒன்று. டேப் வைத்து மார்பளவு எடுக்கிறேன், பட்டன் எத்தனை என்று எண்ணுகிறேன். இரண்டையும் சேர்த்துச் செய்தால் ஹைபிரிட். பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கிறதாம், இதயத் துடிப்பை அளந்து, அதையே எண்ணாக மாற்றிக் காட்டுமாம்.

அதற்குப் பிறகு அவர் பாதித் தமிழில்தான் பேசினார். இடைவேளையில் மேலூர்ப் பக்கத்து சயின்ஸ் வாத்தியார் ஒருவர் வந்து, "நல்லவேளை கேட்டீங்க டீச்சர், எனக்கும் புரியல" என்றார். அடப்பாவி! இதை நேற்றே கேட்டிருக்கலாமே.

ஜூலை 25

கம்ப்யூட்டரில் பெரிசு சின்னது என்றும் வகை உண்டு. எல்லாவற்றுக்கும் பெரிது சூப்பர் கம்ப்யூட்டர், மழை எப்போது வரும் என்று கணக்குப் போடுவதற்கு. நம் நாட்டுக்கு இன்னும் வரவில்லையாம். அடுத்தது மெயின்ஃபிரேம், ஒரு வீடு அளவுக்கு இடத்தை அடைத்துக்கொண்டு ஏ.சி.யில் இருக்கும். பிறகு மினி. மினி என்றவுடன் மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன், அதுவே பீரோ உயரம். கடைசியில் மைக்ரோ. நமக்கு வரப்போவது இந்தக் கடைக்குட்டிதான். கேட்டதும் கொஞ்சம் தெம்பு வந்தது.

பாகங்களையும் சொன்னார்கள். உள்ளே வாங்குவதற்கு விசைப்பலகை. வாங்கினதை வைத்து வேலை செய்வது சி.பி.யு. வெளியே காட்டுவது திரை, தாளில் அடித்துத் தருவது பிரின்டர். நினைவு இரண்டு மாதிரி. ரோம் என்பது பிறவியிலேயே அதற்குத் தெரிந்தது, அழியாது. ராம் என்பது கரண்ட் இருக்கிறவரைதான். கரண்ட் போனால் எல்லாம் போச்சு, மறுபடி முதலிலிருந்து. நம் ஊர்க் கரண்டை நம்பியா இதைக் கண்டுபிடித்தார்கள்?

அதனால் வேண்டியதை ஃப்ளாப்பி என்ற தட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அதை மெஷினில் சொருகுகிற இடத்துக்கு டிரைவ் என்று பேர். கறுப்பாகச் சதுரமாக விசிறிபோல வளைகிறது. வெள்ளைத்துரை சார் கெட்டுப்போன ஒன்றைக் கத்தரியால் ஓரத்தில் வெட்டிக் காட்டினார். சதுரம் வெறும் உறைதான். உள்ளே பழுப்பு நிறத்தில் வட்டமான மெல்லிய தகடு. உறைக்கு உள்பக்கம் வெள்ளையாக ஒரு துணி ஒட்டியிருக்கிறது. தூசி துடைக்கவாம். எல்லாரும் தகட்டைப் பார்த்தார்கள், நான் அந்த லைனிங்கைப் பார்த்தேன். ஓரத்தை மடித்து ஒட்டியிருந்த விதம் நேர்த்தி.

இரவுச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"அப்ப அதுக்கு எஞ்சின் எது?"

"சி.பி.யு."

"டீசல் டேங்கு?"

"அப்படியெல்லாம் கிடையாதுங்க."

"கழட்டிக் காட்டுனாகளா?"

"தொடவே விட மாட்டேங்கறாக."

"கழட்டாம எப்படித்தா படிக்கிறது?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

ஆகஸ்ட் 9

பயிற்சிப் பரீட்சையில் தேறிவிட்டேன்! பட்டியலில் கடைசி வரிசைதான். ஆனாலும் தேறிவிட்டேன். தெப்பக்குளம் மாரியம்மனுக்கு எலுமிச்சம்பழ மாலை.

செப்டம்பர் 2 - திங்கள்

மெஷின் வந்து இறங்கிவிட்டது. தையல் அறையைப் பாதியாகத் தடுத்து, ஜன்னலுக்கு நானே திரை தைத்துப் போட்டேன். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பது எச்.எம். உத்தரவு. அட்டெண்டர் ஒச்சாயி அக்கா காவலுக்கு. பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒன்றிரண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டன.

கூட வந்தவை இரண்டே ஃப்ளாப்பி. ஒன்றில் பாடங்கள் எல்லாம் இருக்கின்றன. அது இல்லாவிட்டால் கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். இன்னொன்று வெறும் ஃப்ளாப்பி. முதல் வேலையாக ஒரு நகல் எடுத்துவிடுங்கள் என்று வெள்ளைத்துரை சார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எச்.எம்.மிடம் கேட்டேன்.

"சீல் போட்டதைப் பிரிக்கப்படாது ரெங்கம்மா. ஸ்டாக் ரிஜிஸ்தர்ல ரெண்டுன்னு ஏத்தியாச்சு. ஆபீசர் வந்து பிரிச்சுப் பாக்கட்டும்." பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். வெள்ளிக் குத்துவிளக்கும் அதே பீரோவில்தான்.

செப்டம்பர் 19

வகுப்பு நன்றாகப் போகிறது. இதை எழுதும்போது எனக்கே நம்பிக்கையில்லை. அளப்பது, எண்ணுவது என்று நான் சொன்னதும் அழகம்மாள் என்ற ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுந்து, "அப்ப எங்க வீட்டு பால்காரர் அனலாக்கா டீச்சர்?" என்றாள். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. ஆனால் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள், பாலை அளந்துதானே ஊற்றுகிறார்.

அக்டோபர் 14

ஆபீசர் வருவது 25-ஆம் தேதி வெள்ளிக்கிழமை. கடிதம் வந்துவிட்டது.

அக்டோபர் 21 - திங்கள்

நாளையும் மறுநாளும் விடுமுறை என்பதால் பள்ளியில் இன்று சாயங்காலமே ஆயுத பூஜை. தையல் மெஷின்கள், கத்தரிகள், சயின்ஸ் லேப் தராசு, ஆபீஸ் டைப்ரைட்டர், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். இந்த வருஷம் கம்ப்யூட்டரும். திரைக்கு மேல் ஓரத்திலும் விசைப்பலகை விளிம்பிலும் நானே சின்னதாகப் பொட்டு வைத்தேன். அதற்குள் சுண்டல் பங்கு போடக் கூப்பிட்டுவிட்டார்கள். மிச்சத்தை ஒச்சாயி அக்காவிடம் விட்டுவிட்டுப் போனேன்.

விஜயதசமி முடியும்வரை எதையும் தொடக்கூடாது. எனக்கும் ஓய்வு.

அக்டோபர் 24 - வியாழன்

 இன்று நடந்ததை எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் மெஷினைப் போடலாம் என்று உறையிலிருந்து ஃப்ளாப்பியை உருவினேன். நடுவில் வட்ட ஓட்டை இருக்கிறதே, அதைச் சுற்றித் தகட்டின் மேலேயே கட்டியாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். கீழே தகடு வெளியே தெரியும் நீள ஜன்னலிலும் மூன்று விரல் பட்டையாகச் சந்தனம். இரண்டு பக்கமும். காய்ந்து இறுகிப்போய் இருந்தது.

கத்திவிட்டேன். ஒச்சாயி அக்கா ஓடி வந்தது.

"உறையில வச்சா புண்ணியம் உறைக்குத்தான டீச்சர்? அதான் உருவி வச்சேன். நடுவுல வட்டமா ஓட்டை, பொட்டு வைக்கவே செஞ்ச மாதிரில்ல இருந்துச்சு. ஒங்க வேலை நெலைக்கணும்னு சொல்லித்தான் வச்சேன்."

என் வேலை! எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்னவோ பேசிவிட்டேன். அது சுவரோரம் போய் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டது. நானும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வேறு என்ன செய்ய? நானும்தான் பொட்டு வைத்தேன். வெளியே வைத்தேன், அது உள்ளே வைத்துவிட்டது.

நாளைக் காலையில் ஆபீசர்.

எச்.எம். அறையிலிருந்து வெள்ளைத்துரை சாருக்குப் போன் போட்டேன். வேறு ஃப்ளாப்பி மெட்ராஸிலிருந்துதான் வர வேண்டும், ஒரு வாரமாகும் என்றார். "அப்படியே டிரைவுல போட்டுறாதீங்க டீச்சர், அதுவும் போயிரும்."

"சார், உள்ள இருக்கிற தகட்டை மட்டும் எடுத்துக் கழுவ முடியாதா? நீங்க வெட்டிக் காட்டுனீங்கள்ல?"

 "கழுவலாம்னுதான் தோணுது. நான் செஞ்சது இல்ல. விரல் படக்கூடாது, கீறல் விழக்கூடாது. திரும்ப வைக்க வேற உறை வேணுமே?"

வேறு உறை பீரோவில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது.

எச்.எம். அம்மா முகத்தைப் பார்த்தேன். "சீல் போட்டதை வெட்டுறதா? நாளைக்கு ஆபீசர் ரெண்டு எங்கன்னு கேட்டா?" என்றார்.   அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார். பிறகு சாவிக்கொத்தை மேசைமேல் வைத்து, "வெட்டு. கேட்டா நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

அடுத்து தண்ணீர். நம் ஊர்த் தண்ணீர் காய்ந்தால் எதன்மேலும் வெள்ளையாக உப்புப் படியும். லேப்பில் டிஸ்டில்ட் வாட்டர் தீர்ந்து மாதக்கணக்காயிற்று. டிப்போவுக்குப் போன் போட்டேன். அரைமணி நேரத்தில் வீட்டுக்காரர் சைக்கிளில் வந்துவிட்டார், ஹேண்டிலில் ஒரு கேன்.

"பேட்டரிக்கு ஊத்துற தண்ணி. இதைவிடச் சுத்தம் மதுரையில கெடையாது."

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உள்ளே வந்தார். இந்தக் கையில் கிரீஸ் இல்லாமல் நான் பார்த்தது கல்யாணத்தன்று.

தையல் பிரிக்கிற பிளேடால் புது ஃப்ளாப்பியின் மேல் ஓரத்தைப் பிரித்தேன். வெட்டவில்லை, ஒட்டியிருந்த மடிப்பை மட்டும் பிரித்து, உள்ளே இருந்த புதுத் தகட்டை எடுத்துத் தனியே வைத்தேன்.   பழையதையும் அப்படியே பிரித்து, தகட்டின் விளிம்பை மட்டும் பிடித்து வெளியே எடுத்தேன். வீட்டுக்காரர் தண்ணீரை நூல்போல ஊற்றினார். தேய்க்கவில்லை, ஊற ஊறச் சந்தனம் தானாகக் கழன்று போயிற்று. மெல்லிய மல் துணியை ஒச்சாயி அக்கா இரு கையிலும் விரித்துப் பிடித்திருந்தது. அதன்மேல் தகட்டை வைத்து ஒற்றி ஒற்றி, நிழலில் காயவைத்துப் புது உறைக்குள் நழுவவிட்டேன்.

மெஷினில் போட்டேன். கரகரவென்று சுற்றியது. திரையில் - படிக்க முடியவில்லை என்று வந்தது.

மறுபடி போட்டேன். அதேதான்.

"முடிஞ்சுபோச்சு" என்றேன். அப்போது வீட்டுக்காரர், "ஏத்தா, எதையும் மாத்தி மாட்டிட்டமா?" என்றார். டிப்போவில் எது ஓடாவிட்டாலும் அவர் முதலில் கேட்பது இதுதானாம்.

மாற்றி மாட்டினோமா? துணியில் நல்ல பக்கம், மறுபக்கம் என்று இருபது வருஷமாகப் பிள்ளைகளிடம் கத்துகிறவள் நான். எடுக்கும்போது எது மேலே இருந்தது என்று மனதில் வைத்துக்கொண்டுதான் எடுத்தேன். ஆனால் காயவைக்கும்போது... "நடுவுல ஒருக்கா நான் திருப்பிப் போட்டேன் டீச்சர், அடியில ஈரமா இருந்துச்சு" என்றது ஒச்சாயி அக்கா, இப்போதும் அழப்போகிற குரலில்.

தகட்டை உருவித் திருப்பி வைத்தேன். போட்டேன். கரகர. பிறகு திரையில் பாடத்தின் முதல் பக்கம் வந்தது.

வந்துவிட்டது! ஒச்சாயி அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். எச்.எம். அம்மா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, "ஒரு காப்பி சொல்லுங்கப்பா" என்றார்.

அக்டோபர் 25 - வெள்ளி

ஆபீசர் நல்ல மனிதர். செருப்பைக் கழற்றச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் கழற்றினார். பிள்ளைகளிடம் வகைகளைக் கேட்டார், பாகங்களைக் கேட்டார். அழகம்மாள் பால்காரரை இழுத்துவிடுவாளோ என்று பயந்தேன். இழுத்துவிட்டாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஃப்ளாப்பி ஒரு தடவைகூடத் தகராறு செய்யவில்லை.

கடைசியில் ரிஜிஸ்தரைப் பார்த்து, "இன்னொரு ஃப்ளாப்பி எங்க?" என்றார். நான் எச்.எம். அம்மாவைப் பார்த்தேன். எச்.எம். அம்மா கொஞ்சமும் அசரவில்லை. மேசையிலிருந்து சந்தனக் கறை படிந்த பழைய உறையையும், பக்கத்தில் இருந்த புதுத் தகட்டையும் எடுத்து நீட்டினார்.

"பிள்ளைகளுக்கு உள்ள என்ன இருக்குன்னு பிரிச்சுக் காட்டியாச்சு சார். வெளிய மட்டும் பாத்தா எப்படிப் பாகம் தெரியும்?"

பொய்யென்று சொல்ல முடியாது. இன்று காலை முதல் பீரியடில் அதைத்தான் செய்தேன்.

ஆபீசர் அந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தனத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "மத்த ஸ்கூல்ல பெட்டியைவிட்டே எடுக்கல. இங்க பிரிச்சே காட்டியிருக்கீங்க" என்று எழுதிக்கொண்டார். இன்னும் இரண்டு ஃப்ளாப்பி அனுப்பச் சொல்கிறாராம்.

அவர் ஜீப் தெருமுனை திரும்பியதும் நானும் எச்.எம். அம்மாவும் ஒச்சாயி அக்காவும் சிரிக்க ஆரம்பித்தோம். நிறுத்தவே முடியவில்லை.

நவம்பர் 18 - திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. என் இடம் இங்கேயே. எச்.எம். அம்மா நிற்கவைத்தே சொன்னார்.

நவம்பர் 20 - புதன்

இன்று என் வீட்டுக்காரர் டிப்போவிலிருந்து வர நேரமாயிற்று. என்னவென்று கேட்டேன்.

"ஆபீசுல ஒரு வேலை. கம்பம் டிப்போவுக்கு மாத்தல் எழுதிக் குடுத்திருந்தேன். வேணாம்னு சொல்லிட்டு வாரேன்."

நான் கரண்டியோடு நின்றுவிட்டேன். "எப்ப எழுதிக் குடுத்தீங்க?"

"அப்பவே. ஜூலையில. நீ என்கிட்டச் சொன்ன மறுநா."

"அப்ப நான் தேறமாட்டேன்னு நெனச்சுட்டீங்களா?"

"அப்படியில்லத்தா. தேறுனா இங்க இருப்போம், தேறாட்டி அங்க போவோம். எங்கன்னாலும் சோறு ஒண்ணா உக்காந்து திங்கணும்ல."

அங்கே போயிருந்தால் அவர் கடைசி ஆளாகச் சேர்ந்திருக்க வேண்டும். இத்தனை வருஷத்து சீனியாரிட்டி போயிருக்கும், அடுத்த வருஷம் வரவேண்டிய ஹெட் மெக்கானிக் பதவியும் போயிருக்கும். நான்கு மாதமாக இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் அந்த நான்கு மாதமும் மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அழுதேன். "இப்ப எதுக்கு அழுகுற?" என்றார்.  அதற்குள் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. இரண்டு பேரும் அதையே ஊற்றிச் சாப்பிட்டோம்.